மேசைத்தளம் எழும் முறையும் அதன் பிழை காணும் நெறியும்

நுவரெலியாவினின்று கந்தப்பளை, இராகலை ஆகிய ஊர்களைக் கடந்து வலப்பனைக்கு இறங்கும் பாதை, தேயிலை மலைகளிடையே தொடங்கி நெல்வயல்களிடையே முடிவதாகும். அப்பாதையின் இருமருங்கும் உள்ள தோட்டங்களிலே கணினி என்பது வீட்டுக்கொன்றாக அமைந்த பொருளன்று. பாடசாலையில் ஒன்றிரண்டு, நூலகத்தில் ஒன்று என்றவாறு பலர் பகிர்ந்து பயன்கொள்ளும் பொதுப்பொருளாகவே அது பெரும்பாலும் விளங்குகின்றது. 2003ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பெற்ற தகவல், தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையம் நாட்டுப்புறங்களில் ‘நெனசல’ என்னும் அறிவு நிலையங்களை அமைத்தமையும், 2014இல் அத்திட்டம் பில், மெலிண்டா கேட்ஸ் அறக்கட்டளையின் விருதினைப் பெற்றமையும் இத்தகைய பொதுப் பயன்பாட்டின் இன்றியமையாமையைக் காட்டுவன.

பலருக்குரிய கணினி ஒன்று பழுதுற்றால் பழுது ஒருவரோடு நில்லாது. மாணவரின் செயற்றிட்டக் கட்டுரை, ஆசிரியரின் வினாத்தாள், பிறப்புச் சான்றிதழ் வேண்டித் தோட்டத் தொழிலாளி ஒருவர் எழுதுவித்த விண்ணப்பம் ஆகிய யாவும் அவ்வொரு கணினியிலேயே கிடத்தல் கூடும். அவற்றுக்கு மறுபடி இல்லாமலும் இருக்கலாம். பழுது பார்ப்பவர் நகரிலிருந்து வரல் வேண்டும்; இல்லையேல் கணினியே பேருந்தேறி நகருக்குச் செல்லல் வேண்டும். அங்கே பெரும்பாலும் நிகழ்வது யாதெனின், வட்டு முழுவதையும் அழித்துப் பணிசெயல் முறைமையைப் புதிதாக நிறுவுதலாகும். கணினி எழுந்துவிடும், கட்டுரைகள் எழமாட்டா. இவ்வழிவு தேவையற்றது என்பதையும், பழுது இருக்கும் இடத்தைப் பொறுமையுடைய ஓர் ஆசிரியரோ மாணவரோ தாமே கண்டறியக்கூடும் என்பதையும் விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

ஈண்டு ஆராயப்படுவது யுனிக்ஸ் மரபைச் சார்ந்த முறைமைகளில், குறிப்பாக லினக்ஸில், வரைவியல் மேசைத்தளம் எழாதுபோகும் நிலை. இது தமிழர்க்குப் புறம்பான பொருளன்று. தமிழ்நாட்டரசின் எல்காட் நிறுவனம் 2007ஆம் ஆண்டளவில் லினக்ஸைப் பெருமளவிற் கையாளத் தொடங்கிற்று. அதே ஆண்டில் சென்னை சி-டாக் நிலையம் ‘பாஸ்’ என்னும் லினக்ஸ் வெளியீட்டை வழங்கிற்று. 2011இல் மாணவர்க்கு வழங்கப்பெற்ற விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸுடன் ‘பாஸ்’ முறைமையும் இடம்பெற்றது. இலங்கையிலோ, கண்டியை அடுத்த மலைத்தொடரின் பெயரைத் தாங்கிய ‘ஹந்தான லினக்ஸ்’ சிங்களமும் தமிழும் முதலிலேயே பொருந்திவரும் வண்ணம் தொகுக்கப்பெற்றது. உரிமக் கட்டணம் இன்மையும், பழைய கணினிகளிலும் இயங்கும் தன்மையும் மலையகப் பாடசாலைகளுக்கு இம்முறைமைகளை உகந்தனவாக்குகின்றன.

பழுதின் தோற்றம் பெரும்பாலும் ஒன்றே. கடவுச்சொல் சரியாகவே இடப்படுகின்றது. திரை ஒரு கணம் கருக்கின்றது. மீண்டும் கடவுச்சொல்லை வேண்டி நிற்கும் வாயிற்றிரையே தோன்றுகின்றது. எத்துணை முறை முயன்றாலும் பயன் இதுவே. கடவுச்சொல் பிழையாயின் முறைமை அதனை வெளிப்படையாகக் கூறும். அவ்வாறு கூறாது திருப்பி அனுப்புமாயின், வாயில் திறந்தது, உள்ளே செல்லும் வழியில் எங்கோ தடை நேர்ந்தது என்பது பொருள். பலர் இவ்வேறுபாட்டை நோக்காது கடவுச்சொல்லையே மாற்ற முயன்று காலம் போக்குவர்.

அத்தடை எங்ஙனம் நேரும் என்பதை அறிய, மேசைத்தளம் எழும் முறையைச் சிறிது நோக்கல் வேண்டும். யுனிக்ஸ் முறைமை 1969இல் பெல் ஆய்வுகூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி ஆகியோரால் தொடங்கப்பெற்றபோது அதற்குத் திரைப்படங்களோ சாளரங்களோ இல்லை. சாளரங்களை வரையும் ‘எக்ஸ்’ முறைமை 1984இல் மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் தோன்றியது; அதன் பதினோராம் பதிப்பு 1987இல் வெளிவந்தது. அதனை ஆக்கியோர் ஒரு கொள்கையை உறுதியாகப் பற்றினர். திரையில் வரைவதற்கு வேண்டிய வழிவகைகளை மட்டும் ‘எக்ஸ்’ தரும். எதை வரைவது, எவ்வாறு அடுக்குவது என்பவற்றை அது தீர்மானியாது. ஆதலின் ‘எக்ஸ்’ தனித்து எழும்போது தோன்றுவது வெறுந்திரையேயாம். பட்டிகளும் படவுருக்களும் சாளரச் சட்டங்களும் வெவ்வேறு நிரல்கள். அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக எழுப்புவன சிறுசிறு கட்டளைக் கோவைகள். அக்கோவைகளை வரிவரியாகப் படித்து நிறைவேற்றும் நிரலுக்கு ‘ஷெல்’ என்று பெயர். இக்காலத்து ஷெல்களின் இலக்கணத்துக்கு 1979இல் ஸ்டீபன் போர்னின் ஷெல் அமைத்த வழக்கே அடிப்படை.

மின்விசை தட்டியது முதல் நிகழ்வன ஒரு சங்கிலி போன்றவை. கருவின் தொடக்க நிரல் வட்டிலிருந்து கருனியை ஏற்றுகின்றது. கருனி ‘இனிட்’ என்னும் முதல் நிரலை எழுப்புகின்றது. அது வாயிற்றிரையைக் காட்டும் நிரலை எழுப்புகின்றது. கடவுச்சொல் ஏற்கப்பட்டதும் ‘எக்ஸ்செஷன்’ என்னும் கட்டளைக் கோவை தொடங்குகின்றது. அது டெபியன் வழிவந்த முறைமைகளில் ஓர் அடைவில் எண்வரிசைப்படி வைக்கப்பெற்ற சிறு கோவைகளை ஒவ்வொன்றாகப் படித்து, இடையே பயனரின் சொந்தக் கோப்புகளையும் படித்து, இறுதியிலேயே மேசைத்தளத்தை அழைக்கின்றது. இருபதில் தொடங்கும் பெயருடைய கோவை முன்னும், தொண்ணூற்றொன்பதில் தொடங்குவது கடைசியிலும் அமையும். நடுவில் ஒன்று அறுந்தால் பின்னுள்ளவை நிகழா. வாயிற்றிரை நிரலோ, மேசைத்தளம் முடிவுற்றது எனவே கருதி மீண்டும் தன் திரையைக் காட்டும். அதற்கு வேறொன்றும் தெரியாது.

தேயிலைத் தொழிற்சாலையை அறிந்தோர்க்கு இவ்வமைப்புப் புதிதன்று. கொழுந்து வாட்டப்பெறுகின்றது, பின் உருட்டப்பெறுகின்றது, நொதிக்கவிடப்பெற்று, உலர்த்தப்பெற்று, சலித்துத் தரம் பிரிக்கப்பெறுகின்றது. வாட்டத்தில் நேர்ந்த குறை கோப்பையிலேதான் நாவுக்குப் புலனாகும். ஆயினும் தேர்ந்த டீமேக்கர் கோப்பையைக் குறை கூறமாட்டார். தொழிற்சாலையை இடித்துக் கட்டுமாறும் சொல்லமாட்டார். எந்தப் படியில் இலை கெட்டது என்று பின்னோக்கிச் செல்வார். வட்டை அழித்துப் புதிதாக நிறுவுவோர் செய்வது தொழிற்சாலையை இடிக்கும் செயலே.

முதற்கண் செய்யத்தக்கது, வரைவியல் திரையை விட்டு எழுத்துத் திரைக்குச் செல்லுதல். கன்ட்ரோல், ஆல்ட் ஆகிய விசைகளோடு எஃப்3 விசையை ஒருங்கே அழுத்தினால் கருந்திரையில் பெயரும் கடவுச்சொல்லும் வினவப்படும். அங்கே உட்புக முடியுமாயின் கருனி, வட்டு, கடவுச்சொல் ஆகிய மூன்றும் பெரும்பாலும் செவ்வனே உள்ளன என்பது தெளிவாகும். கட்டுரைகளும் அங்கேயே இருக்கின்றன. ஒரு பென்டிரைவில் அவற்றைப் படியெடுத்துக்கொள்ளல் ஏனைய ஆராய்ச்சிக்கெல்லாம் முற்படச் செய்யவேண்டியது.

அடுத்துச் செய்யத்தக்கது, புதிய பயனர் ஒருவரை உண்டாக்கி அப்பெயரில் வாயிற்றிரை வழியே நுழைந்து பார்த்தல். புதியவர்க்கு மேசைத்தளம் எழுமாயின் பிழை பழைய பயனரின் சொந்த அடைவில் உள்ளது. எழாதாயின் யாவர்க்கும் பொதுவான முறைமையில் உள்ளது. ஐந்து நிமிடத்தில் முடியும் இச்சோதனை ஆராயவேண்டிய இடத்தைப் பாதியாகக் குறைத்துவிடும். இதனினும் பயன்மிக்க சோதனை இத்துறையில் வேறில்லை.

இனி, முறைமை தானே எழுதிவைக்கும் சான்றுகளைப் படித்தல் வேண்டும். பயனரின் அடைவில் ‘எக்ஸ்செஷன்-எரர்ஸ்’ என்னும் கோப்பில், எழுதும்போது நேர்ந்த தடைகள் யாவும் பதிவாகும். ‘எக்ஸ்’ தன் பதிவேட்டில் பிழைவரிகளின் முன் ஆங்கில ‘ஈ’ எழுத்தை இருமுறை இட்டுக் காட்டும். எச்சரிக்கைகளுக்கு வேறு குறி உண்டு. எச்சரிக்கைகளைக் கண்டு அஞ்சவேண்டுவதில்லை. நன்கு இயங்கும் கணினியிலும் அவை மிகுதியாகக் காணப்படும். இறுதி வரியை மட்டும் படிப்பதும் தவறு. ஒரு பிழை தொடர்ந்து பல பிழைகளை ஈனுமாதலின், முதலில் தோன்றிய பிழையே பெரும்பாலும் காரணமாகும். இவ்வகைக் கோப்புகள் பல, பெயரின் முன் ஒரு புள்ளியைக் கொண்டு மறைந்திருப்பவை. ‘எல்எஸ்’ கட்டளைக்கு ‘ஏ’ என்ற குறியைச் சேர்த்தாலன்றித் தோன்றா.

சங்கிலி அறும் இடங்களுள் முதலாவது, எழுதும் உரிமை இல்லாமை. நுழையும் ஒவ்வொரு முறையும் ‘எக்ஸ்ஆத்தாரிட்டி’ என்னும் சிறு கோப்பொன்றில் திரையின் திறவுகோல் எழுதப்படும். அதனை எழுத முடியாவிடின் மேசைத்தளம் இல்லை. வட்டு நிறைந்துவிட்டமை ஒரு காரணம். ‘டிஎஃப்’ என்னும் கட்டளை அதனை நூற்றுவீதத்தால் காட்டும். வட்டு நிறைந்தபோதும் எழுத்துத் திரையில் நுழைய முடிவது ஏன் என்று சிலர் வியப்பர். எழுத்துத் திரை நுழைவதற்கென எதனையும் பயனரின் அடைவில் எழுதவேண்டுவதில்லை என்பதே விடை. மேலும், வழக்கமான லினக்ஸ் கோப்பு முறைமை வட்டில் நூற்றுக்கு ஐந்து பங்கைத் தலைமைப் பயனர்க்கென ஒதுக்கிவைக்கும். ஆதலின் அவர் துப்புரவு செய்ய இடமிருக்கும்.

மற்றொரு காரணம் மலையகத்தில் சிறப்பாக நினைக்கத்தக்கது. மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பருவப்பெயர்ச்சிகளுக்கு இடையே பிற்பகல் இடிமழை மிகும். மின்சாரம் திடீரென நின்றால், எழுதிக்கொண்டிருந்த வட்டின் பதிவுகள் குலையலாம். அவ்வாறு குலைந்ததை உணரும் கருனி, மேலும் கேடு நேராவண்ணம் வட்டைப் படிக்கமட்டும் உரியதாக மாற்றிவிடும். அது காவற்செயலே, ஆயினும் பயனர்க்கு அது பழுதாகவே தோன்றும். வட்டைச் சோதிக்கும் ‘எஃப்எஸ்சிகே’ நிரலை, அவ்வட்டு பயன்பாட்டில் இல்லாத நிலையில், அதாவது மீட்பு நிலையில் இயக்கினால் இது தீர்வது பெரும்பான்மை.

மூன்றாவது காரணம் மாந்தரால் நேர்வது. ஏதேனும் ஒரு வரைவியல் நிரலைத் தலைமைப் பயனரின் அதிகாரத்தோடு இயக்கினால், ‘எக்ஸ்ஆத்தாரிட்டி’ கோப்பின் உரிமை தலைமைப் பயனரிடம் போய்விடுதல் உண்டு. மறுநாள் உரியவர்க்கே தம் கோப்பில் எழுத இயலாது. உரிமையை மீட்டுத் தருதலோ, அக்கோப்பை வேறுபெயரிட்டு ஒதுக்குதலோ போதும். முறைமை புதிதொன்றை ஆக்கிக்கொள்ளும்.

இவற்றினும் நுட்பமானவை கட்டளைக் கோவைகளினுள்ளே நிகழும் பிழைகள். கோவை ஒன்றை ஷெல் இருவகையில் கையாளும். தனியொரு ஷெல்லை எழுப்பி அதனிடம் ஒப்படைத்தல் ஒருவகை. தானே அக்கோவையின் வரிகளைத் தன்னுள் ஏற்று நிறைவேற்றுதல் மற்றொருவகை. முன்னதில் கோவை கெட்டால் அது மட்டும் முடியும். பின்னதில் கோவை கெட்டால் ஏற்றுக்கொண்ட ஷெல்லும் உடன் முடியும். பயனரின் ‘எக்ஸ்செஷன்ஆர்சி’, ‘எக்ஸ்புரொஃபைல்’ போன்ற கோப்புகள் இரண்டாம் வகையிலேயே ஏற்கப்படுகின்றன. ஆகவே அவற்றுள் ‘எக்ஸிட்’ என்ற ஒரு சொல்லை எவரேனும் எழுதிவிட்டால், அக்கோப்பன்று, அமர்வு முழுவதுமே முடிவுறும்.

இதனோடு தொடர்புடைய மற்றொன்று ஷெல்களின் வேற்றுமை. பயனர் நாளும் பழகுவது ‘பாஷ்’ என்னும் ஷெல். மேசைத்தளக் கோவைகளைப் படிப்பதோ, விரைவு கருதி உபுண்டு 2006ஆம் ஆண்டின் 6.10 பதிப்பு முதலாகவும் டெபியன் 2011ஆம் ஆண்டின் 6ஆம் பதிப்பு முதலாகவும் ஏற்ற ‘டாஷ்’ என்னும் சிறிய ஷெல். ‘பாஷ்’ அறிந்த சில தொடர்கள் ‘டாஷ்’ அறியாதவை. பட்டியலை வளைவு அடைப்புக்குள் எழுதும் வழக்கு அவற்றுள் ஒன்று. அத்தொடரைக் கண்டதும் ‘டாஷ்’ இலக்கணப் பிழை எனக் கூறி நின்றுவிடும், அமர்வும் நின்றுவிடும். முனையத்தில் பலமுறை சோதித்துச் சரியெனக் கண்ட கோவை, நுழைவில் மட்டும் தவறுவதன் இரகசியம் இதுவே. ‘எஸ்எச்’ என்ற பெயரோடு ‘என்’ என்னும் குறியைச் சேர்த்துக் கோப்பின் பெயரை இட்டால், எதனையும் நிறைவேற்றாது இலக்கணத்தை மட்டும் சோதித்துப் பிழையுள்ள வரியின் எண்ணைக் கூறும். கோப்பைத் திருத்துமுன் அதற்கு வேறுபெயரிட்டு வைத்துக்கொள்ளல் நன்று, அழித்தல் நன்றன்று.

வாயிற்றிரை இன்றி, எழுத்துத் திரையிலிருந்தே ‘ஸ்டார்ட்எக்ஸ்’ என்னும் கட்டளையால் மேசைத்தளத்தை எழுப்புவோர் பழைய கணினிகளில் இன்றும் உளர். இங்கே ‘எக்ஸ்இனிட்ஆர்சி’ என்னும் கோப்பே முழுச் சங்கிலியும் ஆகும். அதன் நெறி ஒன்றே: கோவை முடிந்தால் திரையும் முடியும். எல்லா நிரல்களையும் பின்னணியில் இயங்குமாறு ஏவிவிட்டால் கோவை உடனே கடைசி வரியைக் கடந்து முடியும். திரை மின்னி மறையும். மாறாக, முதல் நிரலையே முன்னணியில் நிறுத்திவிட்டால் அது முடியும்வரை இரண்டாவது தொடங்காது. ஆதலின் துணைநிரல்கள் பின்னணியிலும், மேசைத்தளம் மட்டும் கடைசி வரியில் முன்னணியிலும் அமைதல் வேண்டும்.

தமிழில் எழுதுவோர்க்கு நேரும் தொல்லை இவை யாவற்றினும் வேறானது. மேசைத்தளம் எழுகின்றது, தமிழ் மட்டும் வருவதில்லை. லினக்ஸில் தமிழ் உள்ளீட்டை ‘ஐபஸ்’ போன்ற நிரலொன்று ஏற்று நடத்த, ‘எம்17என்’ என்னும் பன்மொழித் தொகுதி விசைப்பலகை அமைப்புகளை வழங்குகின்றது. 1999இல் சென்னையில் நிகழ்ந்த தமிழ்நெட்99 மாநாட்டின் வழிவந்த தமிழ்99 அமைப்பும், இலங்கையில் வழங்கும் ரெங்கநாதன் அமைப்பும் அதில் உண்டு. எழுத்தாவணச் செயலி தொடங்கும்போது, உள்ளீட்டை எந்த நிரலிடமிருந்து பெறுவது என்பதைச் சில சூழல் மாறிகளால் அறிந்துகொள்ளும். அம்மாறிகள் மேசைத்தளம் எழுமுன் அமைக்கப்பெறல் வேண்டும். பலர் அவற்றைப் ‘பாஷ்ஆர்சி’ கோப்பில் எழுதிவிடுவர். அக்கோப்பை முனையத்தின் ஷெல் மட்டுமே படிக்கும். விளைவு விந்தையானது: முனையத்திலிருந்து அழைத்த செயலியில் தமிழ் வரும், பட்டியலிலிருந்து அழைத்த அதே செயலியில் வராது. மாணவர் செயலியைக் குறைகூறுவர். செயலியோ தனக்குச் சொல்லப்பட்டதையே செய்கின்றது. அவ்வரிகளை ‘எக்ஸ்செஷன்ஆர்சி’ கோப்புக்கு மாற்றி, வெளியேறி மீண்டும் நுழைந்தால் தீரும்.

உரிய கோப்பில் உரிய வரிகள் இருந்தும் தமிழ் வாராத நிலையும் உண்டு. இணைய வசதி இல்லாத பாடசாலைக்கு, வேறோரிடத்தில் விண்டோஸ் கணினியில் எழுதிய அமைப்புக் கோப்பைப் பென்டிரைவில் கொண்டுவருதல் இயல்பு. விண்டோஸ் ஒவ்வொரு வரியின் முடிவிலும் இரண்டு குறிகளை இடும். யுனிக்ஸ் ஒன்றையே இடும். மிகுதியான அக்குறி, தட்டச்சுப் பொறியின் உருளையைத் தொடக்கத்துக்குத் தள்ளும் செயலின் எச்சம், கண்ணுக்குத் தோன்றாது. ஷெல் அதனை வரிமுடிவாகக் கொள்ளாது, மதிப்பின் பகுதியாகக் கொள்ளும். எனவே ‘ஐபஸ்’ என்ற பெயரோடு தோன்றா எழுத்தொன்றும் சேர்ந்து, அப்பெயருடைய உள்ளீட்டு நிரல் இல்லை என்றாகின்றது. கோவையின் முதல் வரியில் ஷெல்லின் பெயருக்குப் பின் அக்குறி ஒட்டிக்கொள்ளுமாயின், கண்முன் இருக்கும் கோப்பையே இல்லை என்று முறைமை கூறும். ‘கேட்’ கட்டளைக்குப் பெரிய ‘ஏ’ என்னும் குறியைச் சேர்த்து அக்கோப்பைக் காட்டுவித்தால் ஒவ்வொரு வரியின் இறுதியிலும் மறைந்திருந்த குறி வெளிப்படும். ‘டாஸ்2யுனிக்ஸ்’ என்னும் சிறு நிரல் அதனை நீக்கிவிடும்.

பழைய நூல்களைக் கொண்டு பயில்வோர் ஒன்றை மனங்கொளல் வேண்டும. 2008இல் தொடங்கப்பெற்ற ‘வேலாண்ட்’ என்னும் புதிய முறைமை ‘எக்ஸ்’ இன் இடத்தைப் பெற்று வருகின்றது. ஃபெடோரா 2016லும், உபுண்டு 2017லும் அதனை முதலிருப்பாக ஏற்கத் தொடங்கின. வேலாண்ட் அமர்வில் ‘எக்ஸ்இனிட்ஆர்சி’, ‘எக்ஸ்செஷன்ஆர்சி’ முதலியவை பொதுவாகப் படிக்கப்படுவதில்லை. அங்கே சூழல் மாறிகளை, பயனரின் அமைப்பு அடைவினுள் ‘என்விரான்மென்ட்.டி’ என்னும் உள்ளடைவில் எழுதுதல் வேண்டும். பிழைச் செய்திகளும் ‘ஜர்னல்சிடிஎல்’ கட்டளை காட்டும் பொதுப் பதிவேட்டிலேயே காணப்படும். வாயிற்றிரையின் ஒரு மூலையிலுள்ள பற்சக்கரப் படவுருவை அழுத்தினால், எவ்வகை அமர்வு தொடங்கும் என்பதை அறியவும் மாற்றவும் இயலும்.

புதிதாக நிறுவுதல் உண்மையிலேயே வேண்டப்படும் நேரமும் உண்டு. வட்டின் உலோகப் பரப்பே தேய்ந்தபோது அதனைத் தவிர்க்க இயலாது. அந்நிலையிலும் நேரடி லினக்ஸ் அடங்கிய பென்டிரைவிலிருந்து கணினியை எழுப்பி, பயனர் அடைவை முழுமையாகப் படியெடுத்த பின்னரே நிறுவுதல் வேண்டும். படியெடுக்கையில் புள்ளியில் தொடங்கும் மறைகோப்புகளையும் சேர்த்தே எடுத்தல் நலம். எனினும் புதிய முறைமையில் அவற்றை ஒருங்கே திருப்பி வைத்தலாகாது. பழைய பிழை அவற்றுளேயே இருக்கலாம். புதிதாக நிறுவும்போது பயனர் அடைவுகளுக்கென வட்டில் தனிப்பகுதி ஒன்றை வகுத்துவிட்டால், அடுத்த முறை முறைமைப் பகுதியை மட்டும் அழித்து எழுதலாம். கட்டுரைகள் இருந்த இடத்திலேயே இருக்கும்.